வங்கி கை நனைத்த கல்யாணம்

போன வாரம் பிரீத்தி போன் செய்தாள். ஈப்போவில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில், நான் உட்கார்ந்திருந்த அதே வாடிக்கையாளர் சேவை மேசையில், இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் ஊர் ‘லா’வை ஒட்டிப் பேசினாள்.

“அக்கா, ஒரு அங்கிள் வந்து நின்னுக்கிட்டு நகர மாட்டேங்கிறாரு லா. கிரிப்டோ வாங்கக் காசு அனுப்புனா பேங்கு தடுக்குது, அப்ப அது சட்டவிரோதம்தானேன்னு கேக்குறாரு. ஆமான்னு சொல்றதா, இல்லன்னு சொல்றதா? நீங்க இருந்தப்ப என்ன சொல்வீங்க?”

“முதல்ல அவர உக்கார வை. நான் யோசிச்சிட்டுக் கூப்புடுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்தேன், யோசித்தேன், அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். ஓய்வு பெற்றால் தலைவலியெல்லாம் ஆபீசோடு போய்விடும் என்றார்கள். என் தலைவலியோ என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்று வீட்டுக்கே வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். எனக்குத் தெரிந்த பதில் ஒரு கல்யாணம். கல்யாணத்தைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் லூர்துமேரி, வங்கியில் எல்லாருக்கும் மேரி. அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். பள்ளியை முடித்துவிட்டு பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதலில் காசாளர் கூண்டு, பிறகு பணம் அனுப்பும் பிரிவு, பிறகு கடன் பிரிவு, கடைசியில் வாடிக்கையாளர் சேவை. இத்தனை வருடத்தில் கற்றதை எல்லாம் மறந்தாலும் ஒன்று மறக்காது. ஒருவர் கணக்கைப் பற்றி அவரைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கட்டிய பெண்டாட்டி வந்து கேட்டாலும், எங்கள் கோயில் பாதிரியாரே வந்து கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது.

என் வேலையின் கடைசி வருடங்களில் கிளை நிர்வாகியாக இருந்தவர் மிஸ்டர் லாவ். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த சீனர். மலாயும் ஆங்கிலமும் கன்டனீசும் கலந்து பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன். ஒல்லியான உடம்பு, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. யாரிடமாவது ‘இல்லை’ சொல்ல வேண்டி வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடியில் கை வைத்தாலே போதும், கடன் கேட்டு வந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

கணக்கை மூடும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சில கணக்குகளை வங்கி தானாகவே மூடும். முடிவெடுப்பது தலைமையகம். காரணம் கிளைக்கு வராது, ஒரே ஒரு வாக்கியம்தான் வரும்: ‘வங்கியின் உள்கொள்கைப்படி இந்தக் கணக்கைத் தொடர்ந்து வைத்திருக்க இயலாது.’ வாடிக்கையாளரை வரவழைத்துக் கண்ணாடி அறையில் உட்கார வைக்க வேண்டும். அதிகாரிகள் இருவர் இருக்க வேண்டும். கதவைப் பாதி திறந்து வைக்க வேண்டும். வாக்கியத்தைப் படிக்கும்போது ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மிச்சப் பணத்துக்கு வங்கிக் காசோலை கொடுத்துவிட்டு, ஏடிஎம் அட்டையை வாங்கி, அவர் கண் முன்னாலேயே சிப் இருக்கும் இடத்தில் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்ட வேண்டும். துண்டுகளை உறையில் போட்டு ஒட்ட வேண்டும்.

லாவ் என்னை எதிரே உட்கார வைத்து அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். முதல் தடவை படித்து முடித்ததும் தலையை ஆட்டினார்.

“உன் வாய் சரியா சொல்லுது மேரி. புருவம்தான் கூடப் பேசுது. புருவத்த இறக்கு.”

“புருவம் தானா போகுது சார்.”

“நீ புருவத்தத் தூக்குனா, அவர் ஏதோ பெரிய தப்பு செஞ்சிட்டார்னு நெனைப்பார். இல்ல, பேங்கு தப்பு செய்யுதுன்னு நெனைப்பார். ரெண்டும் நமக்குத் தெரியாது. தெரியாதத முகத்துல காட்டாதே.”

அவர் சொன்னது நியாயம்தான். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை இறக்கிப் பழகினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “உனக்கு மூஞ்சி இழுத்துக்கிச்சா?” என்று பயந்துபோனார்.

இங்கே எங்கள் சனங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் எங்களுக்கு ஆபீஸ்தான் சர்க்கார். அங்கே உட்கார்ந்திருக்கும் எழுத்தரைக் கிராணி என்போம். லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் யாருக்கு எந்த வீடு, யாருக்கு வேலை, யாருக்குச் சீட்டு கிழியும் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். கிராணி ஒரு பெயரை வெட்டினால் அந்தக் குடும்பம் சட்டிபானையைக் கட்டும். எந்தச் சட்டத்தில் வெட்டினீர்கள் என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை. பிறகு தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பு வந்தது. சனங்கள் லாரியில் அலமாரியை ஏற்றிக்கொண்டு ஈப்போவின் புந்தோங்கு பகுதிக்கு வந்தார்கள். கிராணி பயமும் அதே லாரியில் ஏறி வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ‘முடியாது’ என்றால் அது சட்டம், அவ்வளவுதான். ஒரு கம்பெனி, தனக்கு வேண்டாத வியாபாரத்தை வேண்டாம் என்கிறது என்று யாருக்கும் தோன்றாது. நானே பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரியப்பன் அண்ணன் எங்கள் தோட்டத்து ஆள். புகைக்கூடத்தில் ரப்பர் பாளங்களைக் காயப்போடும் வேலை பார்த்தவர். தோட்டம் விற்கப்பட்ட பிறகு புந்தோங்கில் குடியேறினார். மனைவி தவறிவிட்டார். ஒரே மகன் தினேஷ், வீடுவீடாக ஏர்கான் மாட்டுகிறவன். கொரோனா அடங்கிய சமயத்தில் கையில் மிஞ்சியதைப் போட்டு அவன் கிரிப்டோ வாங்கிக்கொண்டிருந்தான். எங்கள் கிளையில் கணக்கு அவனுக்குத்தான். அண்ணன் எங்கள் வங்கியில் எப்போதும் கணக்கு வைத்ததில்லை.

இந்த நாட்டுச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று நான் பின்னால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கிரிப்டோ இங்கே செல்லுபடியாகும் பணம் இல்லை. கடைக்காரர் அதை வாங்கியே தீர வேண்டும் என்று கிடையாது. ஆனால் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமும் இல்லை. அதை விற்கும் தளம் அரசாங்க ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பஸ் கட்டணத்துக்கு ஓர் ஆட்டைப் பிடித்துக் கொடுக்க முடியாது. அதற்காக ஆடு வளர்ப்பவனை உள்ளே தள்ளுவார்களா? இப்போது இவ்வளவு எடுப்பாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஆடும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது.

முதலில் தினேஷ் பணம் அனுப்பினால் போகவில்லை. திரும்பித் திரும்பி வந்தது. அவனும் அப்பாவும் சேர்ந்து என் மேசைக்கு வந்தார்கள். தலைமையகத்துக்குப் போன் போட்டேன். உள்கொள்கை என்றார்கள், வேறு பேச்சு இல்லை.

“அக்கா, அது ரெஜிஸ்டர் பண்ணுன தளம். நான் பாத்துட்டுத்தான் சேந்தேன்” என்றான் தினேஷ்.

மாரியப்பன் அண்ணன் அவனைக் கையமர்த்திவிட்டு என்னிடம் குனிந்தார். “மேரி, நீ நம்ம புள்ள. நேரா சொல்லு. இவன் தப்புப் பண்ணிட்டானா?”

“அப்படி இல்லண்ணே. இது பேங்கோட கொள்கை.”

“கொள்கைன்னா சட்டந்தானே?”

இல்லை என்று சொல்ல எனக்கு உறுதியில்லை, ஆமாம் என்று சொல்ல மனசில்லை. “பேங்கோட கொள்கைண்ணே” என்று மறுபடியும் அதையே சொன்னேன். அண்ணன் எழுந்து, தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்ற மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனார். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

சில நாள் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார். பின்னால் தினேஷ், சுட்ட கத்தரிக்காய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

“எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன் மேரி. பாலாய்க்குப் போயி ரிப்போட் போட்டுட்டோம்.”

பாலாய் என்றால் போலீஸ் நிலையம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யார் மேலண்ணே?”

“இவன் மேலதான்.”

எங்கள் ஊரில் பர்ஸ் தொலைந்தால் ரிப்போட், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் ரிப்போட், யாரோ மந்திரம் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலும் ரிப்போட். முந்திக்கொண்டு போலீசில் சொல்லிவிட்டால் நாளைக்கு நம் மேல் பழி வராது என்று ஒரு நம்பிக்கை. அண்ணன் அந்த நம்பிக்கையில் பெற்ற மகன் மேலேயே ரிப்போட் போட்டிருக்கிறார். என்ன குற்றம் என்று போலீஸ்காரர் கேட்டாராம். “அத நீங்கதான் சார் சொல்லணும், பேங்கு தடுத்துருச்சு” என்றாராம் இவர். போலீஸ்காரர் இவரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

“நாமளே போயிச் சொல்லிட்டா கேஸ் ஆகாதுல்ல?” என்று என்னிடம் கேட்டார். ரிப்போட் நகலை என் மேசை மேல் வைத்து, அதை வங்கியில் சேர்த்தால்தான் போவேன் என்று அடம் பிடித்தார். வாங்க எனக்குக் கை வரவில்லை. லாவ் வந்து பார்த்தார். வாடிக்கையாளர் தரப்பில் கொடுக்கும் காகிதத்தை வாங்க மாட்டேன் என்று சொல்ல விதியில் இடமில்லை என்றார். வாங்கினோம். மேலே அனுப்பினோம்.

கொஞ்ச நாளில் அந்த ஒற்றை வாக்கியம் கீழே வந்தது. தினேஷின் கணக்கை மூட வேண்டும். ரிப்போட்டினால் மூடினார்களா, ரிப்போட் இல்லாவிட்டாலும் மூடியிருப்பார்களா? லாவ் கேட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.

கண்ணாடி அறையில் லாவும் நானும் உட்கார்ந்தோம். எதிரே அப்பாவும் மகனும். கதவு பாதி திறந்திருந்தது. நான் வாக்கியத்தைப் படித்தேன். புருவம் இறங்கியே இருந்தது. தினேஷ் மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, நான் என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லிருங்க. திருத்திக்கிறேன்.”

எனக்குத் தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியவே தெரியாது என்பது உண்மை. இரண்டுக்கும் முகம் ஒன்றுதான் போலிருக்கிறது, அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். லாவ் அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் வெட்டினார். அந்தச் சத்தத்துக்கு மாரியப்பன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கிராணி பேரை வெட்டிவிட்டார் என்றுதான் அவர் மனதில் ஓடியிருக்கும்.

இதோடு போயிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தினேஷுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் தேவகி, ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. அவள் அப்பா ராஜமாணிக்கம் பாகான் செராய்க்காரர், நெல் லாரி ஓட்டியவர். பரிசம் போட்டாகிவிட்டது, மண்டபத்துக்கும் முன்பணம் கட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் அவர் காதுக்குச் சேதி போயிருக்கிறது: மாப்பிள்ளையின் அட்டையை வங்கியில் வெட்டிவிட்டார்கள், அவன் மேல் போலீஸ் ரிப்போட் இருக்கிறது. இரண்டும் உண்மை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் மறுத்துவிடலாம்.

ராஜமாணிக்கம் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் கிளைக்கே வந்துவிட்டார். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது.

“இங்க தினேசுன்னு ஒருத்தன் கணக்க ஏன் மூடுனீங்க? திருடனா அவன்? எனக்குத் தெரியணும். நான் பொண்ணு குடுக்கிறவன்.”

“மத்தவங்க கணக்கப் பத்திச் சொல்ல முடியாதுங்க” என்றேன்.

“கணக்கு இருந்துச்சா, அதையாவது சொல்லு.”

“அதையும் சொல்ல முடியாதுங்க.”

“பாத்தியாம்மா?” என்று மகளிடம் திரும்பினார். “நல்லவனா இருந்தா நல்லவன்னு சொல்லிட்டுப் போறாங்க. வாய மூடுறாங்கன்னா என்ன அர்த்தம்? தட்டத் திருப்பிக் குடுத்துர வேண்டியதுதான்.”

லாவ் வந்து இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார். அவரும் அதையே மலாயில் சொன்னார். ராஜமாணிக்கம் எழப்போனார். தேவகி எழவில்லை. சன்னமான பெண்.

“நான் யார் பேரும் சொல்லல சார்” என்றாள். “பொதுவாக் கேக்குறேன். ஒரு ஆளோட கணக்க பேங்கு மூடிட்டா, அந்த ஆள் சட்டத்த மீறிட்டாருன்னு அர்த்தமா?”

லாவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, ‘பதில் சொல்ல முடியாது’ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நிதானமாகத் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“இல்லை” என்றார். “பேங்கு ஒரு கடை. கடைக்காரன் தனக்கு வேண்டாத வியாபாரத்தச் செய்ய மாட்டான். குற்றமா இல்லையான்னு சொல்றது கோர்ட்டு. நாங்க கோர்ட்டு இல்ல.”

மாரியப்பன் அண்ணனிடம் நான் சொல்லத் தெரியாமல் விழித்த பதில், அந்தப் பெண் சரியாகக் கேட்டதால் வெளியே வந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ராஜமாணிக்கத்துக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

“வாய்ப் பேச்சு எதுக்கு? எழுதிக் குடுக்கச் சொல்லு.”

“எழுதித் தர முடியாதுங்க” என்றேன்.

“அப்ப ஒண்ணு கேக்குறேன்.” லாவை உற்றுப் பார்த்தபடி என்னிடம் தமிழில் கேட்டார். “அந்தப் பையன் வீட்டு விசேஷத்துல இவர் வந்து கை நனைப்பாரா? கேளு. கை நனைச்சார்னா நான் நம்புறேன்.”

கை நனைப்பது என்றால் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. பகையான வீட்டில், மனம் ஒப்பாத வீட்டில் நம் ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள். பத்து பேர் சாட்சி சொல்வதைவிட ஒருவர் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்களுக்குப் பெரிய சாட்சி. இதையெல்லாம் நான் லாவுக்கு விளக்கிச் சொல்ல, அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“வாடிக்கையாளர் விருந்துக்கு மேலிடத்து அனுமதி வேணும் மேரி” என்றார். ராஜமாணிக்கம் விருட்டென்று கிளம்பிவிட்டார். தேவகி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

லாவ் சொன்ன கடைப் பேச்சும், கை நனைக்கிற பேச்சும் எப்படியோ மாரியப்பன் அண்ணனுக்குப் போய்விட்டன. மறுநாள் வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை வைத்து, தினேஷோடு வங்கிக்குள் நுழைந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் விலகி வழிவிட்டார்கள். பாதுகாவலருக்குத் தடுப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. அண்ணன் லாவின் முன்னால் தட்டை நீட்டினார்.

“நீங்க வரலன்னா இந்தக் கல்யாணம் இல்ல சார்.”

லாவ் தட்டை வாங்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்து முணுமுணுவென்று படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மேரி, இதுல வாடிக்கையாளர்னு போட்டிருக்கு. இந்தப் பெரியவருக்கு நம்மகிட்ட கணக்கு இருக்கா?”

“எப்பவுமே இருந்ததில்ல சார்.”

“இந்தப் பையனுக்கு?”

“நீங்கதானே சார் மூடுனீங்க.”

“முறையா மூடுனமா?”

“அட்டைய வெட்டிட்டோம் சார்.”

“அப்ப இவர் நம்ம வாடிக்கையாளர் இல்ல” என்றார் லாவ். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

கல்யாணம் புந்தோங்கில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில். தாலி கட்டுவதற்கு முன்னால் கீழே பசியாறல், அதாவது காலைப் பலகாரம். லாவ் பூப்போட்ட பாத்தேக் துணிச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக வந்தார். அவரை நடு வரிசையில் உட்கார வைத்து இலை போட்டோம். யாரோ கரண்டி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, “கை நனையணும்னு மேரி சொன்னாங்க” என்றார். லாவ் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று, தூண் பக்கத்தில் ராஜமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் மகள் மாடியில் அலங்காரம் பாதியில் உட்கார்ந்திருந்தாள். மாரியப்பன் அண்ணன் வாசலுக்கும் லாவின் இலைக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சுற்றி இருந்த பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வங்கிக்காரர் கையைப் பார்த்தது.

லாவ் இட்லியைப் பிட்டார், சாம்பாரில் தோய்த்தார், வாயில் போட்டார். சாம்பார் முழங்கை வரைக்கும் வழிந்தது. ராஜமாணிக்கம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு போய், குனிந்து, லாவின் இலையில் தானே ஊற்றினார். அடுத்து மாரியப்பன் அண்ணனைப் பார்த்து, “என்ன சம்பந்தி நிக்கிறீங்க, உக்காருங்க. நீங்களும் பசியாறலதானே” என்றார். அண்ணன் உட்கார்ந்தார். இட்லியைத் தொடாமல் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.

கதை சுபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை கிளையைத் திறந்தால் வாசலில் கூட்டம்.

“உங்க பேங்குல கிரிப்டோ விக்கிறீங்களாமே? மேனேஜரே கல்யாணத்துக்கு வந்து சாப்புட்டாராமே?”

“சட்டம் ஆயிருச்சாமே மேரி?”

லாவ் கதவைச் சாத்திக்கொண்டார். “மேரி, நான் இட்லி மட்டும்தான் சாப்பிட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லு” என்றார் பாவமாக.

அந்தக் கூட்டத்தில் செல்லம்மா அக்கா என்று ஒருவர், புட்டுமாயம் என்கிற இடியாப்பம் விற்பவர். காப்பிக்கடையில் ஒருவன் அவருக்கு ஏதோ காட்டி, சேமிப்பை எல்லாம் அனுப்பினால் இரட்டிப்பாகும் என்றிருக்கிறான். அனுப்பப் பார்த்தார், போகவில்லை. நான் ஆணையத்தின் பதிவில் தேடினேன். அந்தப் பெயரே அதில் இல்லை. அது சுத்தமான ஏமாற்று. ஆனால் திரையில் எனக்கு வந்தது அதே பதில்தான், தினேஷுக்கு வந்த அதே ‘உள்கொள்கைப்படி இயலாது’. நல்ல தளத்தில் வாங்கியவனுக்கும் இதே வாக்கியம், திருடன் கையில் கொடுக்கப் போனவருக்கும் இதே வாக்கியம். பிறகு வெளியே இருப்பவருக்கு எப்படிப் புரியும்? அக்காவிடம் தளம், பதிவு, ஆணையம் என்று தொண்டை வறளப் பேசினேன்.

“மாரியப்பன் மகனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?” என்று ஏசிவிட்டுப் போனார். பணம் மட்டும் தப்பித்தது. அதற்காக என்னிடம் அவர் இன்றைக்கும் பேசுவதில்லை.

இதையெல்லாம் நினைத்து முடித்துவிட்டு அன்றைக்கே பிரீத்தியைத் திரும்பக் கூப்பிட்டேன். “அந்த அங்கிள்கிட்ட ரெண்டையும் தனித்தனியாச் சொல்லு. பேங்கு வேண்டாம்னு சொல்றது பேங்கோட இஷ்டம், அது சட்டம் இல்ல. ஆனா தளம் பதிவு ஆனதான்னு அவரு பாத்துக்கணும்” என்றேன்.

“அவரு அப்பவே போயிட்டாரு அக்கா.”

“எங்க?”

“பாலாய்க்கு. எதுக்கும் ஒரு ரிப்போட் போட்டு வச்சிருறேன்னாரு.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிரீத்தியிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற வாரம் நடந்தது அது. லாவ் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். தினேஷும் தேவகியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். குழந்தை பெயரில் கணக்குத் திறக்க வேண்டும், அதுவும் எங்கள் வங்கியில்தான் திறக்க வேண்டும் என்று மாரியப்பன் அண்ணன் பிடிவாதமாம். வங்கி திரும்பச் சேர்த்துக்கொண்டால்தான் மகன் பேர் முழுதாகச் சுத்தமாகும் என்பது அவர் கணக்கு. வந்தவர் உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பெற்றோர் இடத்தில் தினேஷின் பெயரை அடித்தேன். திரை மறுத்தது. தலைமையகத்தைக் கேட்டேன். என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

“தம்பி, வங்கியின் உள்கொள்கைப்படி...” என்று ஆரம்பித்தேன்.

“...தொடர்ந்து வைத்திருக்க இயலாது” என்று தினேஷ் பாடம் ஒப்பிக்கிற மாதிரி முடித்தான். “இந்தத் தடவ ஆரம்பிக்கவே இல்லையே அக்கா!”

தேவகி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே நிற்பவரிடம் இதை எப்படிச் சொல்வார்கள்? நானும் கூடவே கதவு வரைக்கும் போனேன்.

“என்னடா சொன்னாங்க?” என்றார் மாரியப்பன் அண்ணன்.

“முடியாதாம்ப்பா. கொள்கையாம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பழைய பார்வை, தோட்டத்து ஆபீஸ் வாசல் பார்வை. “சட்டமா மேரி?”

“இல்லண்ணே. கொள்கை மட்டுந்தான்.”

அண்ணன் செருப்பை மாட்டினார். பேரப்பிள்ளையைத் தேவகியிடமிருந்து வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். வெயிலுக்குக் கையை வைத்துத் தெருவின் மறுபக்கம் பார்த்தார்.

“அப்ப எதுத்தாப்புல உள்ள பேங்குக்குப் போலாம் லா” என்றார். “இது ஒரு கடைதானே.”

என் புருவம் தானாக உயர்ந்தது. இறக்கச் சொல்ல லாவ் அங்கே இல்லை.